எட்டாம் டோக்கன்

ஏழு கொடுத்ததும் வரிசை கலையும்.
அடுத்து நிற்பவருக்கு பீடி தீர்ந்திருக்கும்.
அதற்கடுத்தவர் மாட்டுக்குத் தண்ணி காட்ட மறந்திருப்பார்.
ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்:
"ஒம்போதைக் குடுங்க சார்,
எட்டைக் காக்காய்க்குப் போடுங்க."

கோரையாற்றங்கரைக் கொள்முதல் நிலையத்தில்
பட்டியல் எழுத வந்த முதல் வாரம்
கிட்டத்தட்ட அதைத்தான் செய்தேன்;
எட்டைக் குறுக்கே கிழித்து இழுப்பறையில் போட்டேன்.
மண்டல அலுவலகத்தில் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள்.
தொடர் எண் விடுபடலாகாது.
ஆகவே எட்டு உண்டு,
எழுதப்பட்டு, முத்திரை குத்தப்பட்டு,
ஆள் மட்டும் இல்லாமல்.

தராசடியில் பக்கிரிசாமி.
முதல் சிப்பத்தை ஒன்று என்று சொன்னதே இல்லை.
"லாபம்!" என்பார், ஆற்றுக்கு அக்கரை கேட்க.
பிறகுதான் ரெண்டு, மூணு.
கணினியில் நான் ஒன்று என்று அடிப்பேன்,
லாபத்துக்கு அதில் கட்டமில்லை.
யாருக்கு லாபம் என்று ஒருநாள் கேட்டேன்.
மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்
துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு
"சொல்லி வைக்கிறதுதானே" என்றார்.

உத்திராபதி கும்பகோணம் போய்
ஐந்நூற்றொரு ரூபாய் தட்டில் வைத்துப்
பெயரில் ஒரு 'எச்' சேர்த்துக்கொண்டு வந்தவர்.
கூட்டினால் ஐந்து வருகிறதாம், புதன் ஆட்சி.
பாஸ்புக்கில் எச் ஏறிவிட்டது, ஆதாரில் ஏறவில்லை.
போன வருஷம் அறுபத்திரண்டு மூட்டைப் பணம்
இரண்டு பெயர்களுக்கும் நடுவில்
இருபத்தாறு நாள் நின்றது.
அவர் எச்சைக் குறை சொல்லவில்லை.
நான் பட்டியல் போட்ட கிழமையைச் சொன்னார்.

ஐப்பசி மூன்றாம் வாரம்.
விட்டு விட்டுத் தூறல்.
சாலை நெடுக
ஒரு பக்கம் குறுவை நெல், ஒரு பக்கம் பஸ்.
அன்றைக்கு வரிசை கலைந்தபோது
ஓர் ஈரப் புடவை நேராக மேசைக்கு வந்தது.
தையல்நாயகி. மூன்று மா குத்தகை.

"எட்டா? குடுங்க.
நான் பொறந்ததே எட்டாவதா.
எட்டிப் பாத்த வீடு குட்டிச்சுவர்னு
சொல்லிச் சொல்லித்தான் சோறு போட்டாங்க.
நான் எட்டிப் பாத்த வீடெல்லாம் மாடி வச்சிருச்சு சார்,
இருக்கிற வீடுதான் ஒழுகுது."

கைப்பிடி நெல்லைக் கருவியில் போட்டேன்.
எங்கள் ஆபீசுக்கு எட்டு ஒரு பொருட்டில்லை.
எங்கள் எண் பதினேழு.
அதுவரை நெல், அதற்கு மேல் ஈரம்.
எண்கள் துடித்துத் துடித்து நின்றன:
பதினேழு புள்ளி நாலு.

எட்டிப் பார்த்தாள்.
"பதினாறு வராதா?
கல்யாணத்தன்னிக்கு அத்தனை பேரும்
பதினாறு பதினாறுன்னுதானே வாழ்த்துனாங்க."

குவியலின் மேற்குச் சரிவில்
மதியம் கொஞ்சம் வெயில் பட்டிருந்தது.
அங்கிருந்து ஒரு பிடி நானே அள்ளினேன்.
ஏன் மூச்சை அடக்கினேன், தெரியாது;
கருவியை ஏன் இரண்டு முறை தட்டினேன்,
இடதுகாலை ஏன்
தரையிலிருந்து தூக்கிக்கொண்டேன்.

பதினேழு.
புள்ளிக்குப் பின்னால் சுத்தமான சுழியம்.

"லாபம்!" என்றார் பக்கிரிசாமி.

மறுநாள் ஷட்டர் தூக்குமுன்னே
மூன்று பேர் எட்டுக்காக
ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.
உத்திராபதி ஜெயித்தார்.
அவர் நெல்லுக்குப் பத்தொன்பது புள்ளி இரண்டு.
விரல் விட்டுக் கூட்டினார், ஒன்று, ஒன்பது, இரண்டு,
மறுபடி கூட்டினார்.
"மூணு சார். மூணுன்னா குரு. நல்லதுதானே?"

பதில் சொல்லாமல்
பேனா தேட இழுப்பறையைத் திறந்தேன்.
நான் கிழித்த எட்டு அடியில் கிடந்தது,
இரண்டு துண்டாக,
இரண்டு சுழியமாக.
வெளியே தார்ப்பாய்மேல்
எண்ண முடியாதபடி விழத் தொடங்கியிருந்தது மழை.